குனிந்தால் விழும் சொட்டு

டைல்ஸ் பதிக்கிற அந்த ஆளை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்த்துத் தரையின் மட்டத்தைச் சொல்லுமே, ரசமட்டம் என்கிற அந்தச் சின்னக் கருவி இல்லாமல் அவன் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டான். டீக்கடையில் உட்கார்ந்தால் மேசைமேல் வைத்துப் பார்ப்பான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் கண்ணெதிரே தரையில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். இதனாலேயே பாதிப் பேர் அவனை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமான புதிதில் கட்டில்மேல் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தான். அதை அவன் மனைவி, இஸ்திரி போட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, தெருவுக்கே துணி தேய்த்துக் கொடுக்கிறவள். அவளுடைய தம்பிதான் ரசமட்டத்தின் கூட்டாளி. கலவை போட்டுக் கொடுக்க வந்தவன். வந்த நாளிலிருந்து கையில் வாளி இருந்ததால் வாளி என்றே ஆகிவிட்டான். இப்போது தலையில் பாதி முடி போய்விட்டது, தனியாகவே ஒரு வீட்டுக்குத் தரை போடத் தெரியும், இருந்தும் பெயர் மாறவில்லை. மாமா எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அக்கா புருஷன் என்பதால் மட்டும் அல்ல. அந்த மனிதன்மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம்.

டைல்ஸைவிட ரசமட்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒழுக்கு. மேல்மாடிக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் கறை படிந்தால் அவனைத்தான் தேடுவார்கள். வீட்டுக்காரர் கறையைக் காட்டுவார். இவன் கறையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். "கறைமேல பெயிண்ட் அடிச்சா கறை வேணும்னா போகும் சார். தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கும். வழி எங்கன்னு முதல்ல பாப்போம்" என்பான். மேலே போய் மண்டி போட்டு, காதைத் தரையில் வைக்காத குறையாக ஊர்ந்து, தலைமுடி கனத்தில் இருக்கிற ஒரு கீறலைக் கண்டுபிடித்து, அதில் விரலை வைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிடுவான். அந்த நேரத்து முகத்தைப் பார்க்க வேண்டும். ராஜ்யம் பிடித்தவன்கூடத் தோற்றுப்போவான்.

இப்படிப்பட்டவன்தான் ஒரு நாள் தான் போட்ட தரையிலேயே வழுக்கி விழுந்தான்.

பெரிய வீடு. குளியலறை. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் கெத்துக் காட்ட வேண்டும் என்று, "தண்ணி ஓடுற வாட்டத்துக்கெல்லாம் கருவி எதுக்கு சார், என் கண்ணே போதும்" என்று சொல்லி, அன்றைக்குப் பார்த்து ரசமட்டத்தைப் பையிலேயே வைத்துவிட்டான் ரசமட்டம். மறுநாள் வாளி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். தண்ணீர் வடிகால் பக்கம் போகவில்லை. சாவகாசமாகத் திரும்பி வாசல் மூலையில் போய்த் தேங்கியது. வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்டது. அவர் பார்ப்பதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று ரசமட்டம் துடைப்பத்தோடு பாய்ந்தான். கால் போன திசை தெரியவில்லை. முகம் குப்புற வந்து, இரண்டு புருவத்துக்கும் நடுவில், வாசல்படிக் கருங்கல்லின் விளிம்பு இடித்தது.

மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, நின்றது. எழுந்து உட்கார்ந்தவன் முதலில் கேட்டது, "அந்தாளு பாத்துட்டானா?" என்றுதான். அடுத்த நாள் இரண்டு கண்ணைச் சுற்றியும் மை பூசினது போலக் கறுத்துப் போயிற்று.

"இது வெளிய போகக் கூடாது மாப்ள. முக்கியமா உங்க அக்காவுக்கு. தெருவுக்கே சொல்லிடுவா. ரசமட்டம் வாட்டம் தப்பா போட்டு அவனே வழுக்கி விழுந்தான்னு. அப்புறம் நான் எவன் வீட்டுத் தரையைப் பாத்து உதடு பிதுக்குறது?"

"மாமா, ஆஸ்பத்திரிக்காவது..."

"மூக்குல ரத்தம் வந்ததுக்கு ஆஸ்பத்திரியா? சத்தியம் பண்ணு."

வாளி சத்தியம் பண்ணினான். அவசர வேலை, இங்கேயே தங்கிக்கொள்கிறோம் என்று அக்காவுக்குப் போனில் சொன்னான். கறுப்பு வடிகிறவரைக்கும் இருவரும் அந்த வீட்டிலேயே படுத்துக் கிடந்து, தப்பான தரையைப் பெயர்த்து, இந்த முறை குமிழியைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். எவ்வளவு பெரிய ரோஷம் பாருங்கள். மண்டையைவிட மானம் பெரிதாகப் போய்விட்டது.

சொட்டு அதற்கப்புறம்தான் விழ ஆரம்பித்தது.

ரசமட்டம் மண்டி போட்டுக் குனிந்தால் வலது மூக்கிலிருந்து மட்டும் ஒரு சொட்டு விழும். நிமிர்ந்தால் நிற்கும். தும்மல் இல்லை, சளி இல்லை. பச்சைத் தண்ணீர் போல இருக்கும். டைல்ஸ் அறுக்கிற இடத்தில் புழுதி பறக்கத்தான் செய்யும். அந்த வேலையில் மூக்கு ஒழுகாதவன் யார்? வாளிக்கும் ஒழுகியது. அவனுக்கு இரண்டு பக்கமும் ஒழுகியது, கெட்டியாக ஒழுகியது, வீட்டுக்குப் போனால் நின்றது. அந்த வித்தியாசத்தை அவன் அப்போது யோசிக்கவில்லை.

"மாமா, உங்க மூக்குக்கு வாஷர் போயிடுச்சு" என்று கிண்டல் பண்ணினான்.

"வலது பக்கம் மட்டும் போயிருக்கு. இடது பக்கம் கம்பெனி சரக்கு" என்றான் ரசமட்டம்.

இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைத்து இழுக்கிற நேரத்தில் அதன்மேல் சொட்டு விழுந்தால் அங்கே ஒரு திட்டு நின்றுவிடும். அதற்காக அவன் பழைய பனியனைக் கிழித்துத் திரி போல உருட்டி வலது மூக்கில் செருகிக்கொண்டு வேலை செய்தான். திரி நனைந்ததும் பிழிந்துவிட்டுத் திரும்பச் செருகினான். மற்ற நேரத்துக்குக் கைக்குட்டை. "உப்புக் கரிக்குது மாப்ள" என்று ஒரு தடவை சொன்னான். வாளி வெள்ளை சிமெண்ட்டைக் குழைத்துக்கொண்டே தலையாட்டினான்.

மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம், ஒரு கடைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே தலைவலி என்றான் ரசமட்டம். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னான், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். கொஞ்ச நேரத்தில் கருவியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"குமிழி ரெண்டாத் தெரியுது மாப்ள."

வாளி நெற்றியில் கையை வைத்தான். கொதித்தது. வெளியே கூட்டிக்கொண்டு போவதற்குள் ரசமட்டம் வாந்தி எடுத்துவிட்டான். வீட்டில் அக்கா காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் போர்த்திப் படுக்க வைத்தாள். மறுநாள் காலையில் அவன் போர்வையை ஒவ்வொரு சதுரமாக மடித்து, "இது அளவு பத்தலை, வேற அறுத்துக் குடு" என்று அவளிடம் நீட்டினான். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தம்பியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா கட்டிலருகில் வந்தாள். ஒல்லியான பெண், பேச்சு நிதானம். படுத்திருந்தவன் தலைக்கடியில் கையைக் கொடுத்து, முகவாய் மார்பில் படுகிற மாதிரித் தூக்கிப் பார்த்தாள். கழுத்து மடங்கவில்லை. தலையோடு தோளும் சேர்ந்து, பலகை போல எழுந்து வந்தது. நாள் முழுக்கக் குனிந்தே பிழைத்தவன் அவன். டாக்டரம்மா தலையைத் திரும்ப வைத்துவிட்டு நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னாள். நிதானம் போய்விட்டிருந்தது.

"மூளையைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும்மா. உறை மாதிரி. அதுல கிருமி புகுந்திருக்குன்னு சந்தேகப்படுறேன். மெனிஞ்சைட்டிஸ்னு சொல்லுவோம். வெளியில மூளைக்காய்ச்சல்ங்கிறாங்க."

"பிழைச்சிடுவாரா டாக்டர்?"

"ரத்தம் எடுத்தாச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். மருந்தை இப்பவே நரம்புல ஏத்துறேன். இந்த நோய்ல போற நேரம் திரும்ப வராது."

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி எதுவும் அதில் தெரியவில்லை என்றதும், அவனை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே முதுகெலும்புச் சந்தில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற தண்ணீர் அது. நல்ல உடம்பில் குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருக்குமாம். சின்னக் குப்பியில் வந்தது கலங்கலாக, சிமெண்ட் சட்டி கழுவின தண்ணீர் போல இருந்தது. வாளி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். காதில் சீழ் வந்திருக்கிறதா? சைனஸ் தொந்தரவு? சர்க்கரை? குடிப்பாரா? எல்லாவற்றுக்கும் அக்கா இல்லை என்றாள்.

"தலையில எப்பவாவது அடி பட்டிருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா.

வாளி பக்கத்தில்தான் நின்றான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மனசு ஒரு கணக்குப் போட்டது. கிருமியால் வந்தது என்று டாக்டரே சொல்கிறாள். கிருமிக்கும் குளியலறையில் விழுந்ததற்கும் என்ன சம்பந்தம்? அது ஆறி எத்தனையோ நாள் ஆயிற்று. இந்த நேரத்தில் அக்காவிடம் பொய் சொன்னதைக் கிளறினால் அவள் இன்னும் உடைந்துபோவாள். மாமாவுக்குத் தெளிந்தால் அவரே சொல்லிக்கொள்ளட்டும். இப்படியெல்லாம் நினைத்து, வந்த வார்த்தையை உள்ளேயே போட்டுக்கொண்டான்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது, கண் தெளிந்தது. ரசமட்டம் நர்ஸிடம் கட்டில் சாய்வாக இருக்கிறது என்று புகார் சொல்கிற அளவுக்குத் தேறினான். டாக்டரம்மா அவனிடமே திரும்பக் கேட்டாள்: "தலையில அடி, கீழ விழுந்தது, ஏதாவது உண்டா?"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு வாளியைப் பார்த்தான்.

"நான் எங்க டாக்டர் விழறேன்? நான் போட்ட தரையில அடுத்தவங்களே விழ மாட்டாங்க."

அக்கா சிரித்தாள். புருஷன் பழையபடி பேசுகிறான் என்ற சந்தோஷம் அவளுக்கு. டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"மூக்கு நின்னுடுச்சா மாமா?" என்று அவள் போன பிறகு வாளி காதோரம் கேட்டான்.

"படுத்தே கிடக்கேன், எங்க ஒழுகும்? தொண்டையிலதான் உப்புக் கரிக்குது. மருந்தோட குணம்போல."

வீட்டுக்கு அனுப்பும்போது, காய்ச்சலோ தலைவலியோ திரும்ப வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். காது கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்றான் ரசமட்டம். பரிசோதனைக்கு வரச் சொன்னாள். அவன் போகவில்லை. தெருவில் எல்லோரும் செத்துப் பிழைத்தவன் என்று வந்து பார்த்தார்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலியின் மட்டத்தை அவன் சொல்லி அனுப்பினான்.

உடம்பில் தெம்பு வந்ததும் வேலைக்கு வந்தான். முதல் நாள், மண்டி போட்டுக் குனிந்ததும், காய்ந்த டைல்ஸ்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

வாளி பூசுகரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஈரத்தையே பார்த்தான். அது பரவி, மெல்ல வற்றி, ஒன்றுமே இல்லாதது போலக் காய்ந்தது. இன்னொன்று விழுந்தது.

"மாமா, டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"என்னன்னு? மூக்கு ஒழுகுதுன்னா? புழுதியில நிக்காதேம்பாங்க. புழுதியில நிக்காம சோறு எப்படித் திங்கறது?"

"அன்னைக்கு விழுந்ததையும்..."

"வாளி!" மாப்ள என்று கூப்பிடாமல் பெயரைச் சொன்னால் கோபம் என்று அர்த்தம். "சத்தியம் பண்ணியிருக்க."

அதற்கப்புறம் வாளிக்கு வேலை ஓடவில்லை. மாமா குனியும்போதெல்லாம் கண் தானாக அந்த மூக்குக்குப் போகும். சில நாள் ஒன்றும் விழாது. அப்பாடா என்று மூச்சு விடுவான். மறுநாள் திரி நனைந்து தொங்கும். ஊர் உலகத்து ஒழுக்கையெல்லாம் தேடிப் பிடிக்கிற மனிதன், தன் முகத்து நடுவில் சொட்டுகிறதைப் பழைய பனியனால் அடைத்துக்கொண்டு திரிகிறானே என்று இப்போது சொல்வது எளிது. அப்போது அது வாளிக்கு இப்படி வார்த்தையாக வரவில்லை. பயமாக மட்டும் இருந்தது, எதற்கென்று தெரியாத பயம்.

இரண்டாவது தடவை எந்த முன்னறிவிப்பும் இல்லை. காலையில் லேசாகத் தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். மனைவியிடம் சொன்னால் வேலைக்கு விடமாட்டாள் என்று வாளியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். வாளி தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினான். திரும்பி வந்தபோது ரசமட்டம் ஈர சிமெண்ட்டில் கன்னம் பதியக் குப்புறக் கிடந்தான். ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்த திரி தெறித்து விழுந்திருந்தது. வாளி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள்.

முன்னாலேயே போனில் சொல்லியிருந்ததால் இந்த முறை டாக்டரம்மா வாசலிலேயே நின்றாள். வலிப்பை நிறுத்தினார்கள், மருந்து ஏற்றினார்கள், திரும்பவும் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். கூப்பிட்டால் அவன் கண் திறக்கவில்லை. இஸ்திரிச் சூட்டில் சிவந்த கையோடு அக்கா ஓடி வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா இருவரையும் தனியாக அழைத்து உட்கார வைத்தாள்.

"அதே கிருமிதான். இது நிறையப் பேர் மூக்குலயும் தொண்டையிலயும் சும்மா குடியிருக்கும். ஒண்ணும் பண்ணாது. மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல எலும்புச் சுவர் இருக்கு. ஒருத்தருக்கே ரெண்டாவது தடவை வருதுன்னா, அந்தச் சுவர்ல எங்கயோ வழி இருக்கணும். நான் மருந்து குடுத்துக் கிருமியைக் கொல்லலாம். வழியை அடைக்கலேன்னா திரும்ப வரும். அடுத்த தடவை நான் இவரைக் காப்பாத்துவேன்னு சொல்ல முடியாது." அக்காவை நேராகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தலையில, முகத்துல, எப்பவாவது பலமா அடி பட்டிருக்கா?"

"சத்தியமா இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியாம அவருக்கு ஒரு முள்ளு குத்தினதில்ல."

ஒரு பாவமும் அறியாதவள், தன் புருஷன் உயிருக்கு எதிராகச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தியத்தை வாயில் வைத்துக் கொடுத்தவன் வாளிதான்.

"அக்கா பொய் சொல்லல டாக்டர்" என்றான். குரல் அவனுடையது போல இல்லை. "அவளுக்குத் தெரியாது. விழுந்தாரு. குப்புற. கருங்கல் படியில, இங்க." புருவ நடுவில் விரலை வைத்தான். "ரெண்டு கண்ணும் கறுத்துப் போச்சு. அதுக்கப்புறம்தான் மூக்கு ஒழுகுது. ஒரு பக்கம் மட்டும். குனிஞ்சா ஒழுகும்."

டாக்டரம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "தண்ணி மாதிரியா, சளி மாதிரியா?"

"தண்ணி. உப்புக் கரிக்குதும்பாரு."

"அவர் கைக்குட்டை யார் துவைக்கிறது?"

"நான்தான்" என்றாள் அக்கா. அவள் தம்பியைப் பார்க்கவில்லை.

"காய்ஞ்சதும் விறைப்பா நிக்குமா?"

"விறைக்காது டாக்டர். மத்தவங்களோடது கஞ்சி போட்ட மாதிரி நிக்கும். இவரோடது வெறும் தண்ணியில நனைஞ்சு காய்ஞ்ச மாதிரி மெத்துன்னு இருக்கும். எங்க வீட்டுக்காரருக்குச் சளிகூடச் சுத்தம்னு சொல்லிச் சிரிப்பேன்."

"அது சளி இல்லம்மா" என்றாள் டாக்டரம்மா. "முதுகுல ஊசி போட்டு எடுத்தோமே, அந்தத் தண்ணிதான் அது. மூளைத் தண்ணி. இத்தனை நாளா மூக்கு வழியா வெளிய சொட்டியிருக்கு. தண்ணி வெளிய வர்ற வழியில கிருமி உள்ள போயிருக்கு."

அக்கா எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். வாளி பின்னாலேயே வந்தான். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"ஊர்ல இருக்கிற ஒழுக்கெல்லாம் கண்டுபிடிச்சீங்களே, ரெண்டு பேரும் சேர்ந்து" என்றாள். "நான் சிரிப்பேன்னா மறைச்சீங்க? நான் சிரிச்சா செத்தாடா போயிருப்பாரு?"

அதற்கப்புறம் அவள் தம்பியோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

ரசமட்டம் கண் திறக்கப் பல நாளாயிற்று. திறந்த பிறகும் யாரையும் அடையாளம் தெரியாமல் விழித்தான். கொஞ்சம் தேறியதும் உட்கார வைத்து மெல்லக் குனியச் சொல்லி, மூக்குக்கு நேராகச் சின்ன பாட்டிலைப் பிடித்தார்கள். சொட்டு விழுந்தது. பரிசோதித்ததில் சந்தேகமே இல்லை. இந்த முறை தலையை மெல்லிய மெல்லிய துண்டாகப் படம் எடுத்தார்கள். மூக்குக்கூரைக்கு மேலே, தலைமுடி கனத்தில், எலும்பில் ஒரு கீறல். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்துக் காட்டினாள். விரல் வைத்துக் காட்டுகிற அந்த முகத்தை வாளி எத்தனையோ குளியலறையில் பார்த்திருக்கிறான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

கிருமி முழுதாக அடங்கிய பிறகு, மூக்கு வழியாகவே கருவியை விட்டு, தொடையிலிருந்து எடுத்த சவ்வை வைத்துக் கீறலை அடைத்தார்கள். தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, குனியவே கூடாது என்றார்கள். அந்தக் கிருமிக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். சொட்டு நின்றது.

ஆனால் அவன் யார் பேசினாலும் வாயையே பார்த்தான். பதில் சொல்லும்போது கத்தினான். எழுந்து நின்றால், ஓடுகிற வண்டியில் நிற்கிறவன் போலக் காலை அகட்டி எதையாவது பிடித்தான். கிருமி காதுக்குள்ளேயும் போய்விட்டது என்றாள் டாக்டரம்மா. கேட்கிறதற்கும் சாயாமல் நிற்கிறதற்கும் உள்ள கருவி இரண்டும் உட்காதில்தான் இருக்கின்றன. நடை பழகப் பழகக் கண்ணை வைத்து ஓரளவு சமாளித்துக்கொள்வார்; கேட்பதற்கு அறுவை செய்து கருவி பொருத்த முடியுமா என்று சீக்கிரமே பார்க்க வேண்டும்; பழைய காது திரும்பி வராது.

"முதல் தடவையே நான் சொல்லியிருந்தா டாக்டர்?" என்று வாளி கேட்டான்.

"இப்ப சொன்னதாலதான் உயிரோட இருக்கார்" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்று வெயில் முன்னறை வரைக்கும் வந்து விழுந்திருந்தது. ரசமட்டம் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தான். தலைவாசலிலேயே நின்றான். அந்த அறைத் தரையை அவன்தான் போட்டான், கல்யாணத்துக்கு முன்னால், பார்த்துப் பார்த்து. ஊரில் இதைப்போல மட்டம் பிசகாத தரை கிடையாது என்று அடித்துச் சொல்வான்.

"தரை சாஞ்சு கிடக்கு!" என்று கத்தினான். "இந்தப் பக்கமா சாயுது பாரு!"

அக்கா இல்லை என்று கையை ஆட்டினாள். அவன் கேட்கவில்லை. பையைக் காட்டினான். வாளி உள்ளிருந்து ரசமட்டத்தை எடுத்து, துடைத்து, அவன் காலடியில் தரையில் வைத்தான். குமிழி கொஞ்சம் ஆடியது. நடுவில் வந்து நின்றது. இரண்டு கோட்டுக்கும் நடுவில், அசையாமல்.

ரசமட்டம் அதைப் பார்த்தான். குறுக்காகத் திருப்பி வைக்கச் சொல்லிக் கை காட்டினான். வாளி திருப்பினான். குமிழி நடுவிலேயே நின்றது.

"இது கெட்டுப் போச்சு மாப்ள" என்றான். கத்தவில்லை, அவனுக்கே கேட்காத குரலில் சொன்னான். "வேற வாங்கணும்."

வாளி தலையாட்டினான். வேறென்ன செய்ய முடியும்?

ரசமட்டத்துக்கு மனசு கேட்கவில்லை. கிட்டப் பார்க்க வேண்டும் என்று சுவரிலிருந்து ஒரு கையை எடுத்தான். முழங்காலை மடக்கினான். வாழ்நாளெல்லாம் செய்த பழக்கம், தலை தானாகக் கீழே போயிற்று.

"குனியாதீங்க!" என்று அக்கா அலறினாள். வாளியும் அலறினான். அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அவனுக்குக் கேட்கவில்லை. அவன் குனிந்துகொண்டே போனான்.

அக்கா மேசையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்து மண்டி போட்டாள். ஒரு கையால் அவன் தோளைத் தாங்கி, இன்னொரு கையை விரித்து அவன் மூக்குக்குக் கீழே ஏந்தினாள். மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். வாளி அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றும் விழவில்லை. கை காய்ந்துதான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.